பல்லில் கடிக்கும் ஈயக்குண்டு... தூண்டிலுக்கு எடை தேர்வு செய்யும்போது இதைக் கவனியுங்கள்!

``சித்தி, இது ஒண்ணு மட்டும் வாங்கிக் கொடுங்க. நம்ம ஊர்க் குளத்துல இருக்க மீனு பூராம் நமக்குத்தான்!''

எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். வெளிநாட்டு ஏரி ஒன்றில் படகு போய்க்கொண்டிருக்கிறது. படகின் ஓரத்தில் ஒரு சின்ன இயந்திரம். அதிலிருந்து கம்பியில் கட்டிய பெரிய இரும்புக்குண்டு போன்ற ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது. அடுத்த நிமிடம், ஆள் நீளத்தில் பாதி இருக்கும் மீன் ஒன்று படகுக்குள் வந்து விழுகிறது. வீடியோவின் தலைப்பில் `டவுன்ரிக்கர்' என்றிருந்தது.

சங்கரன்கோவில் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து குளங்களில் தண்ணீர் சேர்ந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலையில் கரை நெடுகப் பையன்கள்தான். கையில் கம்பு, பையில் மண்புழு டப்பா. எங்கள் வீட்டுப் பையனும் அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தான். வலது கையில் செல்போன். இடது கையில் தூண்டில் நரம்பு. அதில் மிளகு அளவு ஈயக்குண்டு ஒன்றைக் கோத்தவன், அதை வாயில் வைத்து `நறுக்'கென்று பல்லால் அமுக்கினான்.

``ஏலே, அதை ஏன்ல வாயில வைக்கே?''

``எல்லாரும் இப்படித்தான் சித்தி அமுக்குவாங்க. அப்பதான் நகராது.''

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. ``ஈயந்தான ஏட்டி! நாம ஈயச்சொம்புலதான ரசமே வைக்கோம். ஒண்ணும் ஆவாது.''

அன்றைக்குக் காலையில் எனக்கு இரண்டு கேள்விகள் கிடைத்தன. அந்த இயந்திரமும் குண்டும் நம் குளத்துக்குத் தேவையா? பையன் பல்லில் கடித்த இந்தக் குண்டு உடம்புக்கு ஆகுமா? முதல் கேள்விக்குப் பதில் தேடினால் வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது கேள்விக்கான பதில் அப்படி இல்லை.

டவுன்ரிக்கர் என்பது என்ன?

கிணற்றில் வாளி இறக்கும் உருளையை நினைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் படகின் ஓரத்தில் ஒரு சக்கரம். அதில் மெல்லிய எஃகுக் கம்பி சுற்றியிருக்கும். கம்பியின் நுனியில் வாளிக்குப் பதிலாக மூன்று முதல் ஆறு கிலோ வரை எடையுள்ள குண்டு. குண்டின் அருகே துணி மாட்டும் கிளிப் போல ஒரு கவ்வி. தூண்டில் நரம்பை அந்தக் கவ்வியில் மாட்டி, குண்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். பிறகு படகு மெதுவாக நகரும். அதன் பின்னால் இரையும் அதே ஆழத்தில் இழுபட்டு வரும்.

மீன் கவ்வியதும் நரம்பு கிளிப்பிலிருந்து கழன்றுவிடும். அதன் பிறகு மீனுக்கும் தூண்டில்காரருக்கும் இடையே குண்டு கிடையாது. இந்தக் கருவியின் சூட்சுமமே அதுதான். ஐந்து கிலோ எடையால் இரை கீழே போகிறது. ஆனால், மீனை இழுக்கும்போது அந்த ஐந்து கிலோவை நாம் இழுக்க வேண்டியதில்லை.

ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்லும் முறைக்கு `டிரோலிங்' என்று பெயர். நமக்கு இது புதிதல்ல. தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடல்களில் சீலா, சூரை மீன்களை இப்படிக் கயிறு இழுத்துப் பிடிப்பது பழைய தொழில். ஏரிக்கென்று அதைத் தனி விளையாட்டாக்கியவர்கள் அமெரிக்கர்களும் கனடாக்காரர்களும்.

அங்கே ஏன் தேவைப்பட்டது?

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியின் அதிகபட்ச ஆழம் 281 மீட்டர். அந்த ஏரியில் ஏல்வைஃப் என்ற சிறு மீன் அளவுக்கு மீறிப் பெருகி, செத்துச் செத்துக் கரையில் ஒதுங்கி நாறியது. அதைத் தின்று தீர்க்க ஒரு பெரிய மீன் வேண்டும் என்று யோசித்த மிச்சிகன் மாநில மீன்வளத் துறை, 1966ல் பசிபிக் கடலோரத்தைச் சேர்ந்த கோஹோ சால்மன் குஞ்சுகளை அங்கே விட்டது. அடுத்த ஆண்டே சால்மன் பிடிக்க ஊரே ஏரிக்குத் திரண்டது.

ஆனால், கோடைக்காலத்தில் சால்மன் மேலே இருக்காது. வெயிலில் மேல் தண்ணீர் சூடாகிவிடும். கீழே குளிர்ந்த தண்ணீர் தனி அடுக்காக நிற்கும். சால்மன் வகைகளுக்குப் பிடித்தது சுமார் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சி 50 அடியிலும் இருக்கலாம், 100 அடியிலும் இருக்கலாம். ஓடும் படகிலிருந்து சாதாரணத் தூண்டிலைப் போட்டால் அது மேலேயே மிதந்து வரும். மீன் இருக்கும் அடுக்குக்கு இரையைக் கொண்டுபோய், அங்கேயே நிறுத்திவைக்க வேண்டிய தேவை வந்தது. டவுன்ரிக்கர் பரவலானது இந்தத் தேவையால்தான்.

குண்டின் எடையை எப்படித் தேர்வு செய்கிறார்கள்?

டொரன்டோவில் நம் உறவுகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பக்கத்து ஒன்டாரியோ ஏரியில் இன்றைக்கும் இப்படித்தான் சால்மன் பிடிக்கிறார்கள். அங்கே இருந்து படிப்பவர்களுக்காகவும், வீடியோ பார்த்து ஆசைப்படும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகவும் சில அடிப்படை விஷயங்கள்:

* எடை: பரவலாகக் கிடைப்பவை 8, 10, 12 பவுண்டு குண்டுகள். நம் கணக்கில் சுமார் 3.6, 4.5, 5.4 கிலோ. 10 அடி ஆழத்துக்கு ஒரு பவுண்டு என்பது தோராயமான கணக்கு. 80 அடிக்கு 8 பவுண்டு, 100 அடிக்கு 10 பவுண்டு.

* வேகம்: படகு ஓடும்போது தண்ணீர் குண்டையும் கம்பியையும் பின்னால் தள்ளும். எண்காட்டியில் 80 அடி என்றிருந்தாலும் குண்டு அதைவிட மேலேதான் நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். வேகமாகப் போக வேண்டுமென்றால் எடையைக் கூட்ட வேண்டும், அல்லது கம்பியை இன்னும் கொஞ்சம் விட வேண்டும்.

* வடிவம்: வெறும் உருண்டையாக இருந்தால் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். அதனால் பின்பக்கம் வால் வைத்த குண்டுகளும், தட்டையான குண்டுகளும் வந்திருக்கின்றன.

* கம்பி: மெல்லியதாக இருந்தால் தண்ணீரின் இழுப்பு குறையும். நூறு அடிக் கம்பியின் தடிமன் தரும் இழுப்பு, சில நேரம் குண்டு தருவதைவிட அதிகம்.

* கவ்வி: இறுக்கிவிட்டால் சிறு மீன் கவ்வியது தெரியாது. தளர்வாக இருந்தால் அலைக்கே கழன்றுவிடும். கையால் இழுத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

* பாதுகாப்பு: குண்டு அடியில் மரத்திலோ பாறையிலோ சிக்கினால், சிறிய படகையே ஒரு பக்கமாக இழுத்துச் சாய்த்துவிடும். கம்பி வெட்டும் கட்டிங் பிளேயர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உயிர்காப்பு ஜாக்கெட் கட்டாயம். ஒன்டாரியோவில் வசிக்கும் 18 முதல் 64 வயது வரையிலானவர்கள் மீன்பிடி உரிமம் வாங்கவும் வேண்டும்.

சரி, நம் குளத்துக்கு வருவோம்!

சங்கரன்கோவில் வட்டாரம் மழையை நம்பிய பூமி. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் குளம் நிறைந்து மறுகால் பாயும். பங்குனி, சித்திரையில் அடிமண் வெடித்துக் கிடக்கும். நிறைந்த காலத்திலும் பெரும்பாலான குளங்களில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே பெரிது. அதற்குள் கருவேல மரங்கள், செடி கொடிகள். மோட்டார் படகு ஓட்ட இடமும் இல்லை, ஓட்டினால் குண்டு போய் மாட்டாத மரமும் இல்லை.

பக்கத்தில் ஆழமான தண்ணீர் வேண்டுமென்றால் மலையடிவார அணைகளுக்குத்தான் போக வேண்டும். கடையநல்லூர் பக்கத்துக் கருப்பாநதி அணை 72 அடி. மேக்கரை அடவிநயினார் அணை 132 அடி. அவை பாசனத்துக்கும் குடிநீருக்குமானவை. அனுமதியில்லாமல் படகோடு இறங்கும் இடங்கள் அல்ல.

இன்னொரு விஷயம், சால்மனைப்போலத் துரத்தி வந்து இரையைக் கவ்வும் சுபாவம் நம் குளத்துக் கெண்டைகளுக்குக் கிடையாது. படகில் இழுத்துக்கொண்டு போனால் அவை திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆக, டவுன்ரிக்கர் நமக்குத் தேவையில்லை. ஆனால், அதன் பின்னால் இருக்கும் யோசனை நமக்கும் தேவை. மீன் எந்த ஆழத்தில் இருக்கிறதோ, அந்த ஆழத்துக்கு இரை போக வேண்டும்.

குளத்துத் தூண்டிலுக்கு இவ்வளவு யோசனை தேவையா என்று நினைக்காதீர்கள். மெட்ராஸ் மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே 1887ல் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். `டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்பது அதன் பெயர்.

மீனின் வாயைப் பாருங்கள்

எந்த மீன் எந்த ஆழத்தில் மேய்கிறது என்று தெரிந்துகொள்ள சுலபமான வழி, அதன் வாயைப் பார்ப்பது.

* கட்லா: வாய் மேல்நோக்கி இருக்கும். மேல்மட்டத்தில் மேயும். தக்கைக்குக் கீழே ஒன்றிரண்டு அடி ஆழம் போதும். எடை மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

* ரோகு: நடுமட்டத்து மீன். தண்ணீரின் ஆழத்தில் பாதிக்கு இரையை நிறுத்துங்கள்.

* மிருகால்: வாய் கீழ்நோக்கி இருக்கும். அடிமண்ணைக் கிளறித் தின்னும். இரை தரையைத் தொட வேண்டும். இங்கேதான் கொஞ்சம் கூடுதல் எடை தேவைப்படும்.

* கெளுத்தி: இதுவும் அடிமட்டம். பொழுது சாய்ந்த பிறகு நன்றாக இரையெடுக்கும்.

* ஜிலேபி கெண்டை: கரையோரம், ஆழம் குறைந்த இடம். மண்புழுவுக்கு ஓடிவரும். மிளகு அளவு எடை போதும்.

* விரால்: காற்றைச் சுவாசிக்க மேலே வரும். செடிகளுக்கு இடையில் பதுங்கும். இதற்கு எடையே வேண்டியதில்லை. சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே தெரிந்தால், கீழே தாயோ தகப்பனோ காவல் இருக்கிறது என்று அர்த்தம். அந்த விராலைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். விட்டுவிடுங்கள்.

கோடையில் தண்ணீர் வற்றும்போது இன்னொரு மாற்றம் நடக்கும். இரவெல்லாம் பாசியும் செடிகளும் மீன்களும் ஆக்ஸிஜனைச் செலவழித்துவிட, விடியற்காலையில் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது இரை தேடும் வேளையல்ல, மூச்சுக்குத் தவிக்கும் வேளை. அப்போது எந்த எடையைக் கட்டினாலும் பலன் இருக்காது.

எடையைச் சரிபார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும்

வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் தக்கையைப் போடுங்கள். சோளத்தட்டையோ, மயிலிறகுத் தண்டோ, கடையில் வாங்கிய பிளாஸ்டிக்கோ எதுவானாலும் சரி. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். தக்கையின் நுனி மட்டும் விரற்கடை அளவு வெளியே தெரியும்போது நிறுத்திவிடுங்கள். அதுதான் சரியான எடை.

எடை குறைவாக இருந்தால் தக்கை உயர்ந்து நிற்கும். மீன் இரையை இழுக்கும்போது தக்கையின் மிதப்பு எதிர்த்து இழுக்கும். சந்தேகப்பட்ட மீன் துப்பிவிட்டுப் போய்விடும். எடை அதிகமானால் தக்கையே மூழ்கிவிடும். காற்று பலமாக வீசும் நாளில் பெரிய தக்கையும் அதற்கேற்ற கூடுதல் எடையும் வைத்துக்கொள்ளலாம். எடைக்கும் முள்ளுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் இரை இயல்பாக அசையும்.

அடிமட்ட மீன்களுக்குத் துளையுள்ள எடையை நரம்பில் ஓடவிடுவது நல்லது. மீன் இழுத்தால் நரம்பு துளை வழியே ஓடும், எடை கிடந்த இடத்திலேயே கிடக்கும். டவுன்ரிக்கரில் கவ்வி செய்யும் வேலையை இங்கே ஒரு துளை செய்துவிடுகிறது. கருவேலமரம் உள்ள இடமென்றால் எடையைத் தையல் நூலில் தனியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். சிக்கிக்கொண்டால் நூல் மட்டும் அறுந்து எடை போய்விடும். தூண்டிலும் மீனும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

ஆழம் பார்க்காமல் காலை விடாதீர்கள்

எடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. முள்ளில் கொஞ்சம் கனமான எடையை மாட்டி, தூண்டிலைப் போட்டுப் பாருங்கள். தக்கை மூழ்கினால் நீங்கள் வைத்த அளவைவிட ஆழம் அதிகம். தக்கை சாய்ந்து படுத்தால் ஆழம் குறைவு. தக்கையை மேலும் கீழும் நகர்த்தினால் சரியான ஆழம் தெரிந்துவிடும்.

இது மீனுக்காக மட்டுமல்ல. கோடையில் வண்டல், கரம்பை, சரள் அள்ளிய குளங்களில் ஆங்காங்கே பெரிய பள்ளங்கள் இருக்கும். தண்ணீர் நிறைந்த பிறகு அவை வெளியே தெரியாது. முழங்கால் அளவு என்று நினைத்து எடுத்துவைக்கும் அடுத்த அடி, தலைக்கு மேலே போய்விடும். முள் சிக்கிக்கொண்டது என்று அதை எடுக்க இறங்கும் பையன்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். ஒரு முள்ளின் விலை சில ரூபாய்தான். அதற்காகத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். குளம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டே தூண்டில் போடுங்கள்.

இனி, பல்லில் கடித்த குண்டுக்கு வருவோம்

``ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோமே'' என்று அம்மா கேட்டதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். நம் வீடுகளில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குழப்பம் பெயரில் இருக்கிறது.

தமிழில் இரண்டு உலோகங்களை `ஈயம்' என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். ரசத்துக்குப் பயன்படுத்தும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும் என்று பாட்டிகள் சொல்வார்களே, அதற்குக் காரணம் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடுவதுதான். தூண்டில் குண்டும், வீச்சுவலையின் ஓரத்து மணியும் பெரும்பாலும் காரீயம். இது வேறு உலோகம். இது நஞ்சு.

காரீயத்துக்கு `இந்த அளவு வரை பரவாயில்லை' என்ற பாதுகாப்பான எல்லையே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்கள் உடம்பு உறிஞ்சுவதைப்போல 4 முதல் 5 மடங்கு காரீயத்தைச் சிறு குழந்தைகளின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக உள்ள குழந்தைகள் இன்னும் அதிகமாக உறிஞ்சும். உள்ளே போனது எலும்பிலும் பல்லிலும் சேர்ந்துவிடும். மூளை வளர்ச்சி, கவனம், கற்கும் திறன் ஆகியவற்றைப் பாதிக்கும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலேயே இது நடக்கலாம் என்பதுதான் பயம். பெண்களின் எலும்பில் தங்கிய காரீயம், கர்ப்பகாலத்தில் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

2020ல் யுனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 3 குழந்தைகளில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கிறது. அத்தனைக்கும் தூண்டில் குண்டு காரணமல்ல. பேட்டரி உருக்கும் இடங்கள், பெயின்ட், கலப்பட மசாலா, பாத்திரம் என்று பல வழிகளில் உள்ளே போகிறது. பெட்ரோலில் காரீயம் கலப்பதை இந்தியா 2000ல் நிறுத்தியது. வீட்டு பெயின்டில் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016ல் விதி வந்தது. சுவரிலிருந்தும் வண்டியிலிருந்தும் அரசு விலக்கிவைத்ததை, நாம் பிள்ளையின் வாயில் வைக்க அனுமதிக்கலாமா?

இதைவிட ஆபத்தான இன்னொரு பழக்கம் உண்டு. பழைய பேட்டரித் தகட்டையும், வீல் பேலன்சிங் செய்த ஈயத்தையும் கரண்டியில் போட்டு வீட்டு அடுப்பில் உருக்கிக் குண்டு வார்ப்பது. காரீயம் 327 டிகிரியில் உருகும். அந்தப் புகையும், அடுப்படியில் படியும் தூசியும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் போகும். பேட்டரியில் அமிலம் வேறு இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அன்னம் சொன்ன பாடம்

பிரிட்டனின் ஆறுகளில் அன்னங்கள் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தன. பறவைகளுக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும். கல் என்று நினைத்துத் தூண்டில்காரர்கள் தவறவிட்ட காரீயக் குண்டுகளை அன்னங்கள் விழுங்கியிருந்தன. 1987ல் 28 கிராம் வரையிலான காரீயத் தூண்டில் எடைகளுக்கு அங்கே தடை வந்தது. மிக நுண்ணிய குண்டுகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். டென்மார்க் 2002ல் காரீயத் தூண்டில் எடைகளின் விற்பனையைத் தடை செய்தது.

நம் நெல்லைச் சீமைக் குளங்களும் பறவைகளின் வீடுதான். நாங்குநேரி பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் பட்டைத்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வருகின்றன. அவையும் கல் விழுங்கும் பறவைகள்தான். நரம்பு அறுந்து நாம் குளத்தில் விட்டுவரும் ஒவ்வொரு குண்டும் மக்கிப்போகாமல் அங்கேயேதான் கிடக்கும்.

காரீயத்துக்குப் பதில் என்ன?

``இரும்பு கனமில்லையே, சட்டுனு கீழ போகாதே'' என்பதுதான் பொதுவான சந்தேகம். கிணற்றில் குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை இலகுவாக வருவதையும், வெளியே வந்ததும் கனப்பதையும் பார்த்திருப்பீர்கள். எந்தப் பொருளும் தண்ணீருக்குள் கொஞ்சம் எடை குறையும். எவ்வளவு குறைகிறது என்பதுதான் கணக்கு. வெளியே 100 கிராம் இருக்கும் எடை, தண்ணீருக்குள் எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்:

* காரீயம்: 91 கிராம்
* இரும்பு: 87 கிராம்
* வெள்ளீயம்: 86 கிராம்
* கருங்கல்: 63 கிராம்
* டங்ஸ்டன்: 95 கிராம்

காரீயத்துக்கும் இரும்புக்கும் வித்தியாசம் வெறும் 4 கிராம். 100 கிராம் காரீயம் செய்யும் வேலைக்கு 105 கிராம் இரும்பு போதும். அளவில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கும். ஓடும் ஆற்றில் அது ஒரு குறை. நிற்கும் குளத்துத் தண்ணீரில் அது பொருட்டே இல்லை.

அதனால், இப்படிச் செய்யலாம்:

* நட்டு: ஹார்டுவேர் கடையில் சின்னதும் பெரியதுமாக எஃகு நட்டுகள் கிடைக்கும். துளை ஏற்கெனவே இருப்பதால் நரம்பு கோப்பது சுலபம். நரம்பை இரண்டு முறை துளை வழியே சுற்றினால் நகராது. ஓடவிட வேண்டுமென்றால் ஒரு முறை கோத்து, கீழே முடிச்சில் ஒரு பாசிமணி போட்டால் போதும்.

* துரு: இரும்பு நட்டு துருப்பிடிக்கும். வீட்டில் காய்ந்துகொண்டிருக்கும் பழைய நெயில் பாலிஷை ஒரு பூச்சு பூசி, நன்றாக உலரவிட்டால் கொஞ்ச நாள் தாங்கும்.

* கல்: மரம் சிக்கும் இடத்தில் தையல் நூலில் கட்டிய சிறு கல்லே சிறந்த எடை. போனாலும் குளத்துக்குக் கேடில்லை.

* வெள்ளீயம், டங்ஸ்டன்: அமுக்கிவிடும் வகைச் சின்னக் குண்டுகள் வெள்ளீயத்திலும் வருகின்றன. டங்ஸ்டன் விலை கூடுதல். வாங்கும்போது `காரீயம் இல்லாதது' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

* இது வேண்டாம்: ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் இடங்களில் பற்றவைக்கும் ஈயக் கம்பியை வெள்ளீயம் என்று நினைத்து வாங்காதீர்கள். பரவலாகப் பயன்படும் வகையில் 40 சதவிகிதம் காரீயம்.

வீட்டில் ஏற்கெனவே காரீயக் குண்டுகள் இருந்தால் குளத்தில் வீச வேண்டாம், குப்பையோடு கொளுத்தவும் வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

பிள்ளை குண்டை விழுங்கிவிட்டால் `தானாக வெளியே வந்துவிடும்' என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வயிற்று அமிலத்தில் காரீயம் கரையும். நாள்பட வாயில் வைக்கும் பழக்கம் இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கப் பரிசோதனை இருக்கிறது.

பாதி இயந்திரம் கையிலேயே இருக்கிறது!

இதையெல்லாம் எட்டாம் வகுப்புப் பையனிடம் சொன்னால் கேட்பானா? வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, சமையலறைத் தராசில் நட்டையும் ஈயக்குண்டையும் நிறுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினான். அடுத்த கேள்வி உடனே வந்தது.

``அப்ப அந்த மெஷினு?''

``நூல்ல கட்டுன கல்லுதாம்ல உனக்கு டவுன்ரிக்கர்.''

முகம் சுருங்கினாலும் நூல்கண்டை எடுத்துக்கொண்டான். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு ஜிலேபி கெண்டை. நட்டு ஒன்றும் தொலையவில்லை. கல் மூன்று போயிருந்தது.

அம்மா மட்டும் சாயங்காலம் ஈயச்சொம்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ``ஏட்டி, இது வெள்ளீயந்தானா, இதுலயும் அது கலந்திருக்குமா?'' என்று கேட்டார். நம்பகமான கடையில் வாங்கியதென்றால் சரி, கலப்படச் சொம்பென்றால் ஆபத்துதான் என்றேன். புதிதாகச் சொம்பு வாங்கும் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி அது.

உங்கள் வீட்டிலும் தூண்டில் பெட்டி இருந்தால், அதை இன்றைக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குக் கிளம்பும் முன்பு, அதற்குள் நாலு நட்டைப் போட்டுவையுங்கள்.